கதவுக்குப் பின்னால் மூன்றரை மணி நேரம்

என் தங்கத்துக்கு,

நாங்கள் மூன்று பேரும் உயிரோடு, கை கால் முழுசாக இருக்கிறோம், அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசி வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டே படிப்பாய். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், நான் பாதியை முழுங்கிவிடுவேன். உன் அத்தை உனக்குச் சொன்னது பாதிதான். நீலக்குடை அக்கா வேலையை விட்டுப் போய்விட்டார் என்பது நிஜம். அவர் போன அன்றைக்கு என்ன நடந்தது என்று உன் அத்தைக்கும் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது. அவர் ஓட்டிப் போன லாரி சனிக்கிழமைதான் திரும்பும்.

அந்த அக்கா உன் தம்பியைப் பார்த்துக்கொள்ள நம் வீட்டுக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது. மழையோ வெயிலோ அந்த நீலக்குடை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை, அதனால்தான் அந்தப் பெயர். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஐந்து ஐம்பதுக்கு நான் கிளம்ப வேண்டும், ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவர் வந்து தன்னிடம் இருக்கிற சாவியால் திறந்துகொள்ள வேண்டும். உன் தம்பி வாண்டு எப்படியும் ஆறரை வரை தூங்குவான், அந்த ஐந்து நிமிஷம் ஒன்றும் ஆகாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். வந்து சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஆஸ்பத்திரி லாண்டரியில் எனக்கு இஸ்திரி மெஷின், கொதிக்கிற துப்பட்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருப்பேன், போனை எடுத்துப் பார்க்க முடியாது. ஏப்ரன் பைக்குள் அது உறுமினால் அக்கா வந்துவிட்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் மகளே, நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். எங்கள் சூப்பர்வைசர் இருக்கிறானே, முன்பல் இடுக்கில் காற்று போய்ப் போய் விசிலடித்துக்கொண்டே திட்டுவானே, அந்த விசில், சீக்கிரம் வருகிறவர்களுக்குத்தான் நல்ல மெஷினைக் கொடுப்பான். பின்னால் வந்தால் ஆவி ஒழுகுகிற மெஷின், கை வெந்துபோகும். அதனால் ஐந்து ஐம்பது ஐந்து நாற்பதாகி, கடைசியில் ஐந்தரைக்கே கிளம்பிக்கொண்டிருந்தேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார்.

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, நான் மெஷின் முன்னால் நிற்கிறேன், ஐந்தே முக்கால் இருக்கும், போன் உறுமியது. பரவாயில்லையே, இன்றைக்கு அக்கா சீக்கிரம் வந்துவிட்டாரே என்று நினைத்தேன். உடனே இன்னொரு தடவை உறுமியது. கை பட்டு அழுத்திவிட்டார் போல என்று நினைத்தேன். பக்கத்து மெஷின்காரியிடம் சிரித்துக்கொண்டே, எங்க வீட்டு மகாராணி இன்னைக்கு ரெண்டு தடவை மணி அடிக்கிறாங்க என்று வேறு சொன்னேன். அந்த வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க வேண்டும். ஒன்பது மணிக்கு டீ நேரம், போனை எடுத்துப் பார்த்தால் அவர் குரல் பதிவு ஒன்று. மூச்சு வாங்கிக்கொண்டே பேசியிருந்தார். எங்க அக்கா மாடிப்படியில விழுந்து இடுப்பு ஒடஞ்சு போச்சும்மா, எம் புள்ளைங்க ரெண்டும் அவகிட்டதான இருக்குதுங்க, நான் பஸ் ஏறிட்டேன், இனிமே வர முடியுமான்னு தெரியல, நீங்க இன்னும் வீட்லதான இருப்பீங்க, இன்னைக்கு வேலைக்குக் கிளம்பிராதீங்க என்று.

நீங்க இன்னும் வீட்லதான இருப்பீங்க. அதைக் கேட்டதும் டீயை அப்படியே வைத்தேன். ஏப்ரனோடு ஓடினேன். விசில் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தான், என்ன சொன்னான் என்று இன்றுவரை தெரியாது. ரோட்டைக் கடந்தது ஞாபகமில்லை. மூன்று மாடி ஏறியது ஞாபகமில்லை. வீட்டு வாசலில் தரையைப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கதவுக்கு அடியில் இருக்கிற சந்து வழியாக வெளியே தள்ளிவிட்ட சாமான்கள். இரண்டு ஸ்பூன், என் சீப்பு, அவனுடைய ஒரு சாக்ஸ், கரன்ட் பில். உள்ளே சத்தமே இல்லை. அழுதிருந்தால் எனக்கு உயிர் வந்திருக்கும். சாவியைப் போட்டுத் தள்ளினால் கதவு திறக்க மாட்டேன் என்கிறது, ஏதோ முட்டுக் கொடுத்த மாதிரி கனக்கிறது. அது அவன்தான். கதவிலேயே சாய்ந்து தூங்கிவிட்டான். ஒவ்வொரு விரற்கடையாகத் தள்ளித் தள்ளி, கையை உள்ளே விட்டு அவன் காலைத் தொட்டேன். சூடாக இருந்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. அவனுக்கு அழுது அழுது தொண்டை கட்டிப்போய், அம்மா என்று சொன்னால் வெறும் காற்றுதான் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன், பாத்ரூம் கதவு திறந்து கிடந்தது. காலையில் அவசரத்தில் நான் தாழ்ப்பாள் போடவில்லை. பெரிய பக்கெட் முழுக்கத் தண்ணீர். அதன் அடியில் அவனுடைய பால் டம்ளர் மூழ்கிக் கிடந்தது. அவன் சட்டைக்கை இரண்டும் தோள் வரைக்கும் ஈரம். அதாவது தாகத்துக்குப் போயிருக்கிறான், குனிந்திருக்கிறான், டம்ளரை உள்ளே விட்டுவிட்டு, அதை எடுக்கக் கையையும் விட்டிருக்கிறான், எட்டவில்லை என்று திரும்பி வந்திருக்கிறான். எட்டியிருந்தால்? இரண்டு வாரமாக எனக்குள் இந்த ஒரு கேள்விதான் ஓடுகிறது. பாத்திரம் கழுவும்போது வருகிறது, பல் தேய்க்கும்போது வருகிறது. இப்போது வீட்டில் பக்கெட்டே இல்லை, இரண்டையும் கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், செம்பில் பிடித்துத்தான் குளிக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா, புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சும்மா, அந்த ஆயாம்மாதான் உள்ள இருக்காங்களேன்னு விட்டுட்டேன் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. நீலக்குடை அக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி நல்லாருக்கானாம்மா என்று அன்று சாயங்காலம் கேட்டார், நல்லா இருக்கான்க்கா, நீங்க உங்க பிள்ளைங்களப் பாருங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் ஐந்தரைக்கே கிளம்பினது தெரிந்தால் அவர் அங்கே தூங்க மாட்டார்.

உன் தம்பி இப்போது எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை. நான் குளிக்கப் போனாலும் வாசலிலேயே உட்கார்ந்து என் செருப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறான். எனக்கும் அவனைக் கண்ணுக்கு மறைவாக விடப் பயம். பத்து நாள் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் இருந்தேன். அதற்குள் வேலைக்கு என்று மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதலாவது வந்தவள் பிள்ளையைப் பார்க்கும் முன்னே டிவி எத்தனை இஞ்ச் என்று கேட்டாள். இரண்டாவது ஆள் அவனைத் தூக்கின மாத்திரத்தில், ஏய் அழுதா ஊசி போட்ருவேன் என்றாள், ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர், முட்டி வலிக்காரர், ஒரு மாடிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறி வந்தார். நான் கேள்வி கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைக் கேட்டார், முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க என்று. சொன்னேன். அப்போ அன்னைக்கு நீ வீட்டுக்கு வர்ற வரைக்கும் புள்ள யார்கிட்ட இருந்துச்சு என்றார். பொய் சொல்லத்தான் நினைத்தேன், வாண்டு என் காலைக் கட்டிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பக்கெட் வரைக்கும். அவர் என்னைத் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. நான் ஆறே முக்காலுக்குத்தான் வர முடியும், புள்ளைய எங் கையில குடுத்துட்டுத்தான் நீ செருப்பே மாட்டணும், இதுக்குச் சம்மதம்னா சொல்லு, இல்லன்னா இப்பவே எறங்கிர்றேன், ஏறுனதே பெருசு என்றார்.

விசிலிடம் போய் நின்றேன். வேலையே போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் ஏழு மணி ஷிப்டு கேட்டேன். ஏழு மணிக்கு ஆரம்பிப்பது ஒரே ஒரு இடம்தான், அழுக்குத் துணி பிரிக்கிற அறை. வார்டில் இருந்து வருகிற ரத்தம், சீழ், எல்லாம் முதலில் அங்கேதான் வரும். அதுதான் இருக்கு, நாத்தம் தாங்குவியா என்றான், என்ன, பத்து விசிலோடு. நீ படித்து முடித்து பல் செட் கட்ட ஆரம்பித்தால் முதல் பல்லை அவனுக்குக் கட்டு, லாண்டரிக்கே விடுதலை. சரி என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை முதல் அங்கே. கையுறை கொடுக்கிறார்கள், பயப்படாதே.

இனிமேல் உன் விஷயம். படிப்பை நிறுத்திட்டு வர்றேன்மா, ஒரு வருஷம்தானே என்று அனுப்பியிருந்தாய். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது என்னிடமும் ஒரு வருஷம்தானே என்றுதான் சொன்னார்கள். உன் வயசு அந்த ஒரு வருஷத்துக்கு. அதற்காக நான் உன்னைக் குறை சொன்னதாக நினைக்காதே, உன்னைப் பெற்றதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை, கணக்குப் பாடத்தை விட்டதில் உண்மையில் சந்தோஷம்தான். ஆனால் நேற்று வரைக்கும் என்னிடம் வேறு ஒரு கடிதம் இருந்தது, உடனே கிளம்பி வா என்று எழுதினது. நீ வந்தால் நான் தூங்குவேன், அதற்காக எழுதினது. இன்று காலையில் அதைக் கிழித்துவிட்டேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே, போகவில்லை, இதை எழுதும்போதே நாலு தடவை எழுந்து போய் அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தேன். பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வராதே. லீவுக்கு மட்டும் வா. அப்பாவிடம் சனிக்கிழமை நானே சொல்கிறேன், நீ முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்ளாதே. கத்தினால் தாங்குவேன், அவர் கத்த மாட்டார், பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும். பல் அச்சு எடுக்கிற அந்த பிளாஸ்டர் தூசிக்கு மூக்கை மூடிக்கொண்டு வேலை செய். படிப்பை நிறுத்துகிற ஃபாரத்தை எழுதி வைத்திருக்கிறாய் என்றால் இதைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட்டு, கிழித்தேன் என்று ஒரு வரி எழுது. திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நீ எங்கே இருந்தாலும் ஒரு நிமிஷம் என்னை நினைத்துக்கொள். வாண்டுவை அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்க வேண்டும், அவன் அழுவான், நான் திரும்பாமல் இறங்க வேண்டும்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா