உன் இறப்பைத் திருத்திய கடதாசி

அன்புள்ள அக்கா,

பார்த்தேயிராத உன்னை இப்படிக் கூப்பிட எனக்கு நாற்பத்தெட்டு வருடங்கள் எடுத்திருக்கின்றன. இது உனக்குக் கேட்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் சொல்ல வேறு ஆளில்லை. உன் பெயரை இங்கே எழுத முடியாது. அது என் அடையாள அட்டையில் இருக்கிறது.

வீட்டில் இதை ஒருவரும் எனக்கு ஒளிக்கவில்லை. நீ ஒன்றரை வயதில் காய்ச்சலில் போனாய். அடுத்த வருடம், அப்பா தொழிலுக்குப் போய்த் தங்கிய கடற்கரை மீன்வாடியில் நான் பிறந்தேன். அப்பா பதியப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிறப்புப் பத்திரம் கேட்டபோது, அலுமாரியில் கிடந்த உன்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை வைத்துப் பரீட்சை எழுதினேன், பட்டம் எடுத்தேன், இருபது வருடங்களுக்கு மேலாகப் புவியியல் படிப்பிக்கிறேன். வீட்டில் மட்டும் நான் சின்னவள்.

அம்மாவுக்கு இடுப்பு முறிந்த பிறகு பஸ்ஸில் ஏற முடியாது. அவவைக் கிளினிக்குக் கூட்டிப்போகத்தான் பழைய கார் ஒன்று வாங்கினேன். சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் போனால், லமினேற் பண்ணிய பிறப்புப் பத்திரம் செல்லாது, புதுப் பிரதி வேண்டும் என்றார்கள். பதிவாளர் கந்தோரில் இப்போது எல்லாம் கணினியில். பெயரைத் தட்டியதும் இரண்டு பதிவுகள் வந்தன. ஒரு பிறப்பு, ஒரு இறப்பு.

“ரீச்சர், நீங்கள் ஒண்டரை வயசிலயே செத்திட்டியள்” என்றார் எழுதுவினைஞர்.

“அப்ப ரீச்சருக்குப் பென்சன் இல்லை” என்றது பின்மேசை. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் என் பட்டமும் உத்தியோகமும் என்ன ஆகும் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

இறந்தது வேறு பிள்ளை என்றால், தாயின் சத்தியக்கடதாசியோடு பதிவைத் திருத்தலாம் என்றார்கள். அவர்கள் சொன்னது ‘என்றால்’ மட்டும். மிச்சத்தை நானே எழுதினேன். இறந்தது பதியப்படாத இன்னொரு பிள்ளை, பெயர் மாறி எழுதப்பட்டுவிட்டது. நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதினேன்.

அம்மாவைக் கையெழுத்து வைக்கச் சமாதான நீதவான் வீட்டுக்குக் கூட்டிப்போய், அவர் வரமுன் வாசித்துக் காட்டினேன்.

“அப்ப நான் ஆரைக் குழியில தாட்டனான்?”

“பேர் வைக்காத பிள்ளை எண்டு போட்டிருக்கு அம்மா. ஒரு கடதாசிதானே.”

“அவளின்ர பேர் உனக்குக் காணாதோ, சின்னவள்? அவளின்ர சாவும் வேணுமோ?”

நான் பேனையை நீட்டினேன். சமாதான நீதவானின் கதிரையில் இருந்துகொண்டு, என்னை நிமிர்ந்து பாராமல் கையெழுத்து வைத்தா. பார்த்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா? தெரியவில்லை.

பதிவைத் திருத்தினார்கள். அனுமதிப்பத்திரமும் வந்தது. என் முகம், உன் பெயர், உன் பிறந்த நாள்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு அம்மா ஒரு வருடமும் தவறாமல் உனக்கு மெழுகுதிரி கொளுத்துவா. இந்தமுறை காரில் கூட்டிப்போனேன். மெழுகுதிரிப் பெட்டியை மடியில் வைத்திருந்தா. நீ கிடக்கிற சேமக்காலை வாசலில் நிற்பாட்டினேன். ஊரே உள்ளே நின்றது. அவ இறங்கவில்லை.

“ஆருக்குக் கொளுத்திறது? சத்தியம் பண்ணியாச்சு. அங்க கிடக்கிறது ஆரெண்டு எனக்குத் தெரியாது. எடு காரை.”

எடுத்தேன். புதிதாகக் கார் ஓடுகிறவள், அக்கா. ஆனாலும் எஞ்சின் ஒருதரம்கூட நின்றுபோகவில்லை.

பதியப்படாத பிள்ளை நான்தான். இப்போது கந்தோரில் அது நீ. அதைத் திருப்பித் திருத்த மாட்டேன். பொய் சொல்லி உன்னைத் தேற்றவும் மாட்டேன். ஒன்று மட்டும் செய்வேன். என் கல்லறைச் சிலுவையில் ‘சின்னவள்’ என்று மட்டும் எழுதச் சொல்லி, பங்குச் சுவாமியிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு உன் பெயரை உன்னிடமே விட்டுவிடுவேன்.

அதுவரை அது எனக்கு வேண்டும்.

ஒரு பதிவுப் புத்தகத்திலும் இல்லாத உன் தங்கை,
சின்னவள்