பதினேழாம் பிரிவும் உன் அம்மாவின் அடுப்பும்

அன்பு மகள் திலகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம். என் இடது தோளில் ஒரு பிடிப்பும் இரண்டு கால்களிலும் கொசுக்கடியும் இருப்பதை நலக்குறைவு என்று கொள்ள வேண்டியதில்லை. கால்வேயில் அயர்லாந்துக் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை நிலானியும் எக்குறையுமின்றி இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. டிசம்பரில் வரும்போது புது வீடு தயாராக இல்லையென்றால் கிள்ளானில் உன் மாமியார் வீட்டிலேயே தங்கிவிடுவதாகவும், இந்த மாத இறுதிக்குள் பதில் வேண்டும் என்றும் உன் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தாய். அந்தப் பதிலைத் தருவதற்கு முன், நடந்தவற்றை நடந்த வரிசையில் சொல்வது என் கடமை. வாட்ஸ்அப்பில் எழுதாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம், வாட்ஸ்அப்பில் எழுதுவதையெல்லாம் உன் அத்தை வள்ளியம்மா ஒரு மணி நேரத்துக்குள் நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறாள் என்பதே.

நீ சொன்னது நியாயமான யோசனைதான், கைக்குழந்தையோடு வருகிறவள் அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் உன் அம்மா தொலைபேசியை வைத்த பிறகு என்னைக் கலந்துகொள்ளவில்லை. நாள்காட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, புரட்டாசி பிறந்தால் பால் காய்ச்ச முடியாது, ஆவணியில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு முகூர்த்த நாள்தான், அன்றைக்கே காய்ச்சிவிடுவோம் என்றாள். செண்டாயானுக்கு அப்பால், பழைய ரப்பர்த் தோட்டத்தை மனைகளாகப் பிரித்த இடத்தில் நிற்கும் நம் வீட்டுக்கு அப்போது கூரை இருந்தது, முன்கதவு இருந்தது, சுவர்களில் பெரும்பாலானவை இருந்தன. குளியலறைக்குக் கதவு இல்லை, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, சமையலறையில் சிங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. நிறைவுச் சான்றிதழும் வரவில்லை. அது வருவதற்கு முன் ஒரு வீட்டில் படுக்கக் கூடாது என்று முப்பத்தோர் ஆண்டுகள் சொத்துப் பத்திரம் எழுதும் வேலையில் பிறருக்குச் சொல்லி வந்தவன் நான். ஆகவே ஒரு நிபந்தனையின் பேரில் இசைந்தேன்: பால் காய்ச்சிய உடனே சிரம்பான் வாடகை வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

இங்கே நம் வீட்டைக் கட்டும் குத்தகையாளர் வீரமுத்துவோடு நான் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உரிமையாளர் குடிபுகும் நாளே வீடு குறையின்றி ஒப்படைக்கப்பட்ட நாளாகக் கருதப்படும் என்பது அதன் வாசகம். இப்படி ஒரு பிரிவைத் தன் வீட்டுக்கே எவனாவது எழுதுவானா என்று நீ கேட்கலாம். உன் அம்மாவின் அவசரத்தை முன்னரே அறிந்து, அவளுக்கு ஒரு வேலியாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். அவள் அதைப் படிக்கவில்லை; படித்தவர் வீரமுத்து ஒருவரே. எதற்கும் இருக்கட்டும் என்று, பால் காய்ச்சுதல் குடிபுகுதல் ஆகாது என்று ஒரு தாளில் எழுதி, அவரிடம் கையொப்பமும் வாங்கிக்கொண்டேன். ஒரு சிமெண்டு மூட்டையின் மேல் வைத்துச் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

அன்று காலை கூடத்தில் மூன்று செங்கல் வைத்துப் பால் நன்றாகவே பொங்கியது. நான் கார்ச் சாவியை எடுத்தபோது வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. அதில் நம் குளிர்சாதனப் பெட்டி, கட்டில், உன் பள்ளிக்கூடப் புத்தக அலமாரி எல்லாம் இருந்தன. உன் அம்மா தன் தம்பி ராமகிருஷ்ணனோடு சேர்ந்து ஒரு வாரமாக இதை ஏற்பாடு செய்திருக்கிறாள். வாடகை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றேன். "எந்த வாடகை வீடு? சாமான ஏத்துன கையோட சாவியத் திருப்பிக் கொடுத்தாச்சு" என்றாள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஏழு வாடகை வீடுகள், நான் பட்டாவில் குறை கண்டு வேண்டாமென்று ஒதுக்கிய வீடுகள் பதினொன்று, இவற்றையெல்லாம் அவள் ஒருமுறைகூட எடுத்துச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. பாயை விரித்து உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

அவள் உள்ளே இருந்தாலும் பட்டாவில் இருப்பது என் பெயர் மட்டுமே. ஆகவே உரிமையாளர் இன்னும் குடிபுகவில்லை என்பது என் நிலைப்பாடு. அந்த நிலைப்பாட்டைக் காக்க, கார் நிறுத்தும் போர்ச்சில் ஒரு மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டேன். ஒப்பந்தத்தின் விளக்கப் பிரிவின்படி வீடு என்பது நான்கு சுவர்களுக்கு உட்பட்டது, போர்ச்சுக்கு மூன்று பக்கம் சுவரே கிடையாது. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சரி, உங்க கோர்ட்டு அங்கேயே நடக்கட்டும்" என்று கொசுவத்தி கொளுத்தி வைத்தாள். மறுநாள் வந்த வீரமுத்து குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளின் பெட்டியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். "சார், பதினேழு பாருங்க சார். நீங்க எழுதுனதுதான் லா. அம்மா சோறே ஆக்கிட்டாங்க, வீடு ஒப்படைச்சாச்சு" என்றார். போர்ட்டிக்சனில் அவருக்கு வேறொரு வேலை காத்திருந்தது. நான் போர்ச்சின் சட்ட நிலையை விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க இங்கதான் படுக்கிறீங்களா சார்? பாவம் சார்" என்று சொல்லிப் போனவர் ஐந்து நாள் வரவில்லை. நான் மூன்று பக்கத்தில் ஓர் அறிவிப்புக் கடிதம் தயாரித்தேன்.

அந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை, ஏனெனில் அதற்குள் உன் அம்மா அவரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டாள். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், பால் காய்ச்சிய வீட்டுக்கு இன்னும் நீங்கள் குடும்பத்தோடு வந்து சாப்பிடவில்லையே, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மாமியாரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள் என்றாள். வந்தார்கள். அவருடைய மாமியார் பஞ்சாலை, எழுபதை நெருங்கும் அம்மையார், குரல் மட்டும் தோட்டத்துக் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுகிற அளவுக்கு இருக்கும். சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம், அதற்கு மேல் இரண்டு குவளை மோர். மோருக்குப் பிறகு நடக்க வேண்டியது நடந்தது. அந்த அம்மையார் குளியலறையைக் கேட்க, உன் அம்மா ஒரு பக்கமும் வீரமுத்துவின் மனைவி மறுபக்கமும் நின்று என் வேட்டியைத் திரையாகப் பிடித்தார்கள். நான் கண்ணியம் கருதிச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஆனால் வேட்டிக்குப் பின்னாலிருந்து வந்த குரலைக் கேட்காமல் இருக்க வழியில்லை. "ஏன் மாப்ள, இம்மாம் பெரிய வீட்ட கட்டுனீங்களே, மானத்த மறைக்க ஒரு பலக கெடைக்கலயா? இதுக்குத்தான் எம் மவள ஒங்களுக்குக் குடுத்தனா?" வீரமுத்து கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு வந்தது, தாழ்ப்பாளோடு. அதன் பின் அவரும் இரண்டு ஆட்களும் தினமும் வருகிறார்கள், உன் அம்மா தினமும் மதியச் சாப்பாடு போடுகிறாள். புரட்டாசி என்பதால் எல்லாம் சைவம்தான், வீரமுத்து கோழியைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவதுண்டு. நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். அவருடைய நாற்காலியை அவள் ஒரே இடத்தில் போடுவதில்லை. முதல் நாள் சிங்க் இல்லாத ஓட்டைக்கு எதிரே போட்டாள். இரண்டு நாளில் சிங்க் வந்தது. அடுத்து பூசாத பின்சுவருக்கு எதிரே, இப்போது மாடிப்படிக்கு எதிரே. படிக்குக் கைப்பிடி வைத்ததும், கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையுமா என்று பார்க்க அவள் பாசார் சந்தையில் தேர்ந்தெடுத்து வாங்கிய ஒரு தேங்காயைக் கொண்டுவந்தாள். தேங்காய் சுலபமாக நுழைந்து கீழே உருண்டது. வீரமுத்து கம்பிகளைக் கழற்றி நெருக்கமாக வைக்கத் தொடங்கினார். பதினேழாம் பிரிவு என்னவாயிற்று என்று தனியாக அழைத்துக் கேட்டேன். "அத விடுங்க சார், மாமியார் பேசுன பேச்சுக்கப்புறம் சட்டம் பேச எனக்கு வாயில்ல" என்றார்.

ஆக இன்றைய நிலவரம் இது: மேல்மாடி ஜன்னல் இரண்டுக்குக் கண்ணாடி வர வேண்டும், கைப்பிடி வெள்ளிக்கிழமை முடியும், சான்றிதழ் அதற்கு மூன்று வாரம் கழித்துக் கிடைக்கலாம் என்கிறார்கள், கிடைக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். கீழறையை உன் அம்மா உனக்கென்று ஒதுக்கிவிட்டாள். மதியம் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அங்கே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால் காற்று நன்றாக வருகிறது என்கிறாள். நேற்று நான் உனக்கு எழுதப் போவதாகச் சொன்னபோது, "வரச் சொல்லி நான் கட்டாயப்படுத்தல. நீங்க பாத்தத எழுதுங்க. வராதன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றாள். அதன் பின் நான் மடக்குக் கட்டிலை மடித்து உள்ளே எடுத்து வந்தேன். போர்ச்சில் புகைந்துகொண்டிருந்த கொசுவத்தியை அவள் அணைத்தாள்.

முடியாத வீட்டுக்குப் போகலாம் என்று என் வாழ்நாளில் எவருக்கும் நான் ஆலோசனை சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன்: இங்கேயே வந்து இறங்கு. கிள்ளானுக்குப் பிறகு போகலாம், சம்பந்தியம்மாவிடம் நானே முறையாகப் பேசுகிறேன். பயணச்சீட்டை மட்டும் தேதி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கு, குழந்தைக்குக் கொசுவலை கொண்டு வா, இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதே. பதினேழாம் பிரிவை யாருக்காக எழுதினேன் என்பதை உன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி, மனநிறைவோடு நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

கீழே முகவரியை என் கைப்பட எழுதுகிறேன். நான் இங்கே குடியிருக்கிறேன் என்பதற்கு இதைவிட வலுவான ஒப்புதல் வாக்குமூலம் எந்த நீதிமன்றத்துக்கும் தேவைப்படாது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
க. தர்மராஜ்
மனை எண் 42, மூன்றாம் குறுக்குச் சாலை,
செண்டாயான், நெகிரி செம்பிலான்.