கத்திரி முடிவதற்குள் ஆயிரம் பக்கம்

ஆயிரம் பக்கம் படித்த என் அண்ணிக்கு,

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. இருபது வருஷமாக ஊர் விஷயங்களைப் பத்திரிகைக்கு எழுதி வருகிறேன். உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. தாம்பரத்தில் குடியிருப்பவன் வடக்குப்பட்டுக்குக் கடிதம் போடுவானா? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் மதியச் சோற்றுக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் செல்வி. உங்கள் பால்வாடியில் உங்களுக்கு ஆயாவாக இருந்து, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, சோறு ஊட்டி, நீங்கள் மூச்சு வாங்கிய கடைசி மாதங்களில் பாட்டும் சொல்லிக் கொடுத்தவள். உங்கள் டீச்சர் இடம் காலியாக இருக்கிறது. எட்டாவது தேறியவர்களைத்தான் அந்த வேலைக்கு எடுப்பார்கள். செல்வி படித்தது ஆறு. தனித்தேர்வு எழுதலாம் என்று விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தேன். அவள் புருஷன் ரவி வேண்டாம் என்கிறான்.

போன ஞாயிறு நானும் அண்ணனும் அவன் வீட்டுக்குப் போனோம். அங்கே நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் இதைப் பத்திரிகையில் படிக்கிற மற்றவர்களுக்கு அந்தக் கோடையைச் சொல்லாமல் இது விளங்காது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் பக்கத்து வீட்டு தேவராஜும், அப்போது பதினொன்றாவதாக இருந்த எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தோம். கத்திரி வெயில் ஆரம்பித்த அன்று ஒரு போட்டி வைத்துக்கொண்டோம். கத்திரி முடிவதற்குள் யார் அதிகப் பக்கம் படிப்பது? பரிசு ஒன்றும் கிடையாது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைக்குப் படித்த பக்கங்களை எழுதி, சமையல்கட்டு வாசல் நிலையில் தொங்கிய கம்பியில் குத்திவைப்போம். எழுதுகிற பொறுப்பு என்னுடையது. ஏமாற்றாமல் இருக்க ஒரு விதி: படித்ததாகச் சொன்ன புத்தகத்தில் அடுத்தவன் எந்தப் பக்கத்தையாவது திறந்து ஒரு வரி வாசிப்பான். பிறகு என்ன வருகிறது என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் தள்ளுபடி.

இரண்டாம் நாள், கம்பிக்குப் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். "என் பேரு இன்னாத்துக்குப் போடல?"

"நீங்க அஞ்சாவது அண்ணி. நாங்க பதினொண்ணாவது" என்றான் தேவராஜ்.

"அஞ்சாவது படிச்சவளுக்கு அப்பால கண்ணு அவிஞ்சுடுமா?"

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாம்பரம் தாண்டி ஒரு கம்பெனியில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. எட்டாவது எழுதிவிட்டு பால்வாடி வேலைக்கு மனுப் போட வேண்டும் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பரீட்சை விண்ணப்பத்தில் புருஷன் கையெழுத்து வேண்டும் என்று ஊரில் யாரோ சொல்லியிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம்.

"ஆயிரம் பக்கம் படிச்சுடு. கையெழுத்து போடறேன்" என்றார் அண்ணன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சின்னவங்க முன்னாடி சொல்லிகினு கீறீங்க. அப்பால இல்லன்னு சொல்லக் கூடாது."

"எண்ணி ஆயிரம். ஒண்ணு கொறஞ்சாலும் கெடையாது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நீங்கள் விளையாடவில்லை. அன்று மாலையே எனக்கு அது தெரிந்தது. நெல் அவித்துக்கொண்டே படித்தீர்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தவிட்டு வாளியின் விளிம்பில் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்தீர்கள். முதலில் உதடு அசையும். பத்து நாளில் உதடு நின்றது. ஸ்ரீபெரும்புதூர் கிளை நூலகத்திலிருந்து சைக்கிளில் நான் கொண்டுவந்த மூன்று புத்தகங்களை முடித்தபோது உங்கள் பெயரில் ஐந்நூற்று நாற்பத்தொரு பக்கம் இருந்தது. எனக்கும் தேவராஜுக்கும் இருந்த ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு புத்தகம்தான் தருவார்கள். நாங்களும் படிக்க வேண்டுமே. நீங்கள் எங்களிடம் கேட்டு நிற்கவில்லை. பிறந்த வீடான தண்டலத்திலிருந்து சீர்வரிசையாகக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்தீர்கள்.

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை உங்கள் அக்கா வாராவாரம் வெட்டி, சேர்த்து, தைத்து வைத்தது. என் கணக்கு அங்கேதான் சறுக்கியது. இன்று நிறுத்திய பக்க எண்ணிலிருந்து நேற்று நிறுத்திய எண்ணைக் கழிப்பதுதான் என் வழக்கம்.

"நேத்து நாப்பத்தாறுல நிறுத்தினேன். இன்னிக்குப் பதினெட்டு" என்றீர்கள்.

பேனாவை வைத்துக்கொண்டு முழித்தேன். ஒவ்வொரு வாரமும் பத்திரிகையின் பக்க எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"அண்ணி ரிவர்ஸ்ல வண்டி ஓட்றாங்கடா" என்றான் தேவராஜ்.

"அப்ப நேத்து படிச்சதுல கொஞ்சம் திருப்பித் தரணுமா தம்பி?" என்று நீங்கள் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

பிறகு கட்டைவிரலால் ஒவ்வொரு பக்கமாக எண்ணினேன். நானூற்று அறுபத்தெட்டு. ஒரு வியாழக்கிழமை மாலை அதை முடித்தீர்கள். மொத்தம் ஆயிரத்து ஒன்பது. மறுநாள் வெள்ளிக்கிழமை கத்திரி முடிகிறது. அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கம்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் தாள்களைப் பார்க்கவில்லை. பைண்டைப் புரட்டினார். கதைத்தாளின் பின்பக்கங்கள் பலவற்றில் வேறு சமாசாரம் இருந்தது. பாதியில் வெட்டுப்பட்ட வைத்தியக் குறிப்பு, வாசகர் கடிதம், விளம்பரம்.

"கதை கீற பக்கம்தான் கணக்கு. மத்ததெல்லாம் சேராது."

"அதையும்தான் படிச்சேன்."

"பல்பொடி வெளம்பரத்தயா?"

"கேட்டுப் பாருங்க."

அவர் ஒரு பின்பக்கத்தைத் திறந்து ஒரு வரி வாசித்தார். நீங்கள் அடுத்த வரியைச் சொன்னீர்கள். இன்னொன்று. அதையும் சொன்னீர்கள். மூன்றாவது, வயிற்றுவலிக்கு ஒரு கஷாயம். சுக்கு, ஓமம் வரைக்கும் சொல்லி நிறுத்தினீர்கள்.

"அப்பால?"

"அதோட அக்கா வெட்டிட்டா. வலிக்கிறவங்கதான் மிச்சத்தைத் தேடிக்கணும்."

அம்மாவே சிரித்துவிட்டாள். அண்ணன் மட்டும் பிடியை விடவில்லை. கதை இல்லாத பக்கம் நூற்று முப்பத்தொன்று. கழித்தால் எண்ணூற்று எழுபத்தெட்டு. நூற்று இருபத்திரண்டு குறைகிறது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. நீங்கள் முதலில் முடித்த மூன்றில் இரண்டைத்தான் நானும் தேவராஜும் அப்போது படித்துக்கொண்டிருந்தோம். ஊரில் வேறு புத்தகம் இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நீங்கள் கோபப்பட்டீர்களா அண்ணி? எனக்குத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்குச் சோறு போட்டீர்கள்.

மறுநாள் அவர் முதல் பஸ்ஸுக்குப் போனதும் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தீர்கள். கம்பெனியில் சேர்ந்த அன்று கொடுத்த இரண்டு புத்தகங்கள், ஒட்டியிருந்த தாள்கள்கூடப் பிரிக்கப்படாமல் கிடந்தன. தொழிலாளர் நடத்தை விதிகள், எழுபத்திரண்டு பக்கம். மெஷின் பாதுகாப்பு விதிகள், ஐம்பத்து நான்கு.

"இதுல கதை எங்க கீது?" என்றேன்.

"இதுல வெளம்பரம் இல்லியே" என்றீர்கள்.

அன்று அம்மா உங்களை அடுப்புப் பக்கம் வரவிடவில்லை. "உலையை நான் பாத்துக்கறேன். நீ போய் அந்தக் கருமத்தைப் படி" என்றாள். நீங்கள் கிணற்றடி நிழலில் உட்கார்ந்தீர்கள். நிழல் நகர நகர நீங்களும் நகர்ந்தீர்கள். தேவராஜும் நானும் எங்கள் போட்டியை மறந்துவிட்டு, பக்கம் முடியும்போதெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தோம். பொழுது சாய்வதற்கு முன் நூற்று இருபத்தாறாவது கோடு விழுந்தது.

அண்ணன் வந்தார். புத்தகங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறியது. சோதித்தார். நீங்கள் தடுமாறவில்லை. கடைசியில் நீங்களே கேட்டீர்கள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா? போன மாசம் கேட்லருந்து உங்கள திருப்பி அனுப்பினாங்களே, எத்தினி நிமிஷம் லேட்டு?"

"ஆறு."

"பத்து நிமிஷம் வரைக்கும் உள்ள வுடணும்னு பத்தொன்பதாம் பக்கத்துல போட்டுகீது."

அண்ணன் அந்தப் பக்கத்தைத் திறந்து விரல் வைத்து மெதுவாகப் படித்தார். மறுபடி படித்தார்.

"அண்ணே, இப்ப பெயிலானது யாரு?" என்றான் தேவராஜ்.

"ஃபாரம் வரட்டும், போடறேன்" என்றார் அண்ணன். மறுநாள் அந்தப் புத்தகத்தை டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அதற்கடுத்த வாரம் நான் வேலை தேடிப் பட்டணம் போய்விட்டேன். முதல் முறை நீங்கள் கணக்கில் தவறியதும், இரண்டாம் முறை தேறியதும், பால்வாடி வேலை கிடைத்ததும் போகவர இருந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டவை. அண்ணன் கையெழுத்துப் போட்டார், நீங்கள் எழுதினீர்கள். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இப்போது ரவி வீட்டுக்கு வருகிறேன்.

ரவி கெட்டவன் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. எங்களுக்கு நாற்காலி போட்டு, சோடா வாங்கி வந்தான். "அண்ணே, பரீட்சை காஞ்சிவரத்துல. மூணு நாளு. யாரு கூட்டிகினு போறது? எனக்கு ஷிஃப்ட். புருஷன் கையெழுத்து இல்லாம எழுத முடியாதில்ல? நான் போடல. அவ்ளோதான்" என்றான். செல்வி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

இப்போது கையெழுத்து தேவையில்லை என்று விதிகளை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் என் முழங்காலில் கையை வைத்து நிறுத்தினார். நீங்கள் போனபிறகு அவர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"ரவி, நானும் உன்ன மாதிரிதான் சொன்னேன். ஆயிரம் பக்கம் படிச்சாத்தான் கையெழுத்துன்னேன். படிச்சா. ஃபாரம் வந்துது. பேனாவத் தொறந்துகினு உக்காந்தேன். முன்பக்கம் பாத்தேன், பின்பக்கம் பாத்தேன். என் கையெழுத்துக்கு அதுல எடமே இல்லப்பா."

ரவி என்னைப் பார்த்தான். அன்றைக்கே அதற்கு இடம் இல்லை என்பது எனக்கும் புதிய செய்தி. அண்ணன் தொடர்ந்தார்.

"எனக்கு வெக்கமாப் பூட்ச்சு. எதுக்குடி இவ்ளோ கஷ்டப்பட்ட, சும்மா எழுதிப் போட்டிருக்கலாமேன்னேன். அவ இன்னா சொன்னா தெரியுமா? கையெழுத்துக்கு எடம் இல்லன்னா போவட்டும், பஸ்ல பக்கத்துல எடம் கீது, வந்து உக்காருங்கன்னா. போனேன். மூணு நாளு லீவு போட்டுட்டு பள்ளிக்கூட வாசல்ல உக்காந்திருந்தேன். பெயிலானா. அடுத்த தபாவும் போனேன்."

நீங்கள் இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை அண்ணி? அவர் மானத்தைக் காப்பாற்றவா? இல்லை, சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டீர்களா?

செல்வி உள்ளே போய் விண்ணப்பத்தை எடுத்துவந்து ரவி கையில் கொடுத்தாள். அவன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கடைசியில், "பாக்கலாம்ணே" என்றான். தாளைத் திருப்பிச் செல்வியிடமே கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை செல்வி அதைப் பூர்த்தி செய்து தபாலில் சேர்த்துவிட்டாள். ரவிக்குத் தெரியும், தடுக்கவில்லை. வரும் ஞாயிறும் அவன் வீட்டுக்குப் போகிறோம், அதற்கடுத்த ஞாயிறும். பரீட்சைக்கு அவன் அவளோடு போனால் நல்லது. போகாவிட்டால் மூன்று நாளும் அண்ணன் அவளை அழைத்துப் போகிறார், காஞ்சிபுரத்தில் நான் வந்து சேர்ந்துகொள்கிறேன். இரண்டு பேரும் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். முதல் தடவை தவறினால் அடுத்த தடவைக்கும் போவோம். செல்வி பரீட்சை எழுதுவாள். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்கள் கொழுந்தன்,
குமரேசன்