பொன்னி சொன்ன மீதி

கடப்பாக்கம்
12-11-1976

மார்கரெட் அக்காவுக்கு,

சின்னையனை நீங்கள் கொன்றுவிட்டீர்கள்.

கடலுக்குப் போய் மூன்று வருடமாகத் திரும்பாதவன்தான். ஆனால் பொன்னி தன் புருஷனைச் சாகவிடவில்லை, தாலியைக் கழற்றவில்லை. போன வருடம் இங்கே ஆறு மாதம் தங்கி, என் வாய் வழியாக அவளோடு பேசினீர்களே, அது இதற்குத்தானா?

அவள் கொழுந்தன் முனிசாமி, மாமல்லபுரத்து ஓட்டலிலிருந்து ஒரு பத்திரிகை கொண்டுவந்தான். உங்கள் நாடகத்தின் படம். சேலை கட்டிய வெள்ளைக்காரி தாலியைக் கழற்றுகிறாள். கீழே 'பொன்னி' என்று பெயர். படித்துச் சொன்னவள் நான்தான். நாடகம் என்றால் கேட்கிறானா? "அமெரிக்காக்காரனே போட்டோ புட்ச்சிப் போட்டுகிறான் டீச்சர், அப்பால இன்னா?" என்கிறான். தை அமாவாசையன்று தாலியை எடுக்கப்போகிறார்கள்.

உங்களுக்குக் கைதட்டல், அவளுக்கு வெள்ளைச் சேலையா? பெயரையாவது மாற்றியிருக்கக் கூடாதா?

ஹபீபா

நியூயார்க்
4-12-1976

அன்புள்ள ஹபீபா,

எனக்குக் கண் மங்கிவிட்டது. நான் சொல்லச் சொல்ல, இங்கே படிக்கும் வாசுதேவன் தமிழில் எழுதுகிறான்.

கடலே இல்லாத கோதுமை ஊரில் பிறந்தவள் நான். தட்டச்சு செய்து பிழைத்தேன். போரில் என் கணவனின் கப்பல் மூழ்கியதாக இரண்டு வரிக் கடிதம் வந்தது. அன்றே நம்பினேன். அவன் சட்டைகளை எல்லாம் கொடுத்துவிட்டேன். பிறகு பதினோரு நாடகங்கள். எல்லாவற்றிலும் ஒருத்தி சன்னலில் நிற்பாள், யாரும் வரமாட்டார்கள். பரிசு கொடுத்தார்கள். பொன்னியையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன். எனக்குத் துணை வேண்டியிருந்தது.

பெயரை அவளிடம் கேட்டுத்தான் வைத்தேன். ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவரில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். கடலைக் காட்டி வெகுநேரம் பேசினாள். "வைத்துக்கொள்ளச் சொல்கிறாள்" என்றாய் நீ. அவ்வளவுதானா? இப்போதும் என் கனவில் தண்ணீர்மேல் நின்று பேசிக்கொண்டே இருக்கிறாள். மீதி என்ன, ஹபீபா?

உன்
மார்கரெட்

கடப்பாக்கம்
20-12-1976

அக்கா,

மீதி இதுதான்: "எம்பேர வச்சிக்கச் சொல்லு டீச்சர். ஆனா முடிவுல அவர கரைக்குக் கொண்டாந்து வுட்ரணும். இங்க வராங்காட்டியும் அங்கியாவது வரட்டும்."

பைத்தியக்காரத்தனம் என்று விழுங்கிவிட்டேன். நானும் கதை எழுதுகிறவள். புயல் வருவது தெரிந்தே படகை அனுப்பிய முதலாளியைப் பற்றி நீங்கள் எழுதவேண்டும் என்று நினைத்தேன். பத்திரிகை சொல்லும் நாடகக் கதையில் அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆக, கொன்றதில் எனக்கும் பங்கு உண்டு. கடைசிக் காட்சியை மாற்றி அனுப்புங்கள். அமெரிக்காத் தாளை நம்பித் தாலியை எடுக்கிறவர்கள், அமெரிக்காத் தாளை நம்பி நிறுத்தட்டும்.

ஹபீபா

கடப்பாக்கம்
18-1-1977

அக்கா,

நாளை அமாவாசை. தபால்காரர் இன்றும் கையை விரித்துவிட்டார்.

நானே எழுதிப் பார்த்தேன். என் சின்னையன் கரை சேருமுன் பிணமாகிவிடுகிறான். எனக்கு அவ்வளவுதான் வருகிறது.

முனிசாமி வெள்ளைச் சேலை வாங்கி வந்துவிட்டான். பொன்னி கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருக்கிறாள். வெயிலில் கடல் பால்போல் அசைகிறது. அவளுக்கு அவசரமே இல்லை. "அந்தம்மா எழுதிக்கினுதான் இருப்பாங்க டீச்சர். எம்மாம் பெரிய கடலு, தாண்டி வர நாளாவாதா?" என்கிறாள்.

நான் வெறுங்கையோடு அவள் வீட்டுக்குப் போகமாட்டேன். இந்தக் கடிதம் நாளைக்குள் அங்கே வராது, தெரியும். எழுதுங்கள். அவனைத் தண்ணீரிலிருந்து எழுப்பி, கரைக்கு நடக்க விடுங்கள்.

ஹபீபா