கொய்யா இல்லாத வருஷம்

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம்தான், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் என்றால் நீ “சீக்கிரம் சொல்லும்மா, மீட்டிங் இருக்கு” என்பாய். இது சீக்கிரம் சொல்லி முடிக்கிற விஷயமில்லை.

லீவுக்கு வரும்போது கொய்யா பழுத்திருக்குமா என்று கேட்டாயே, அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். இந்த வருஷம் நம் மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லை கண்ணு. நம் பக்கத்துப் பழமெல்லாம் கப்பலேறிப் போவதால், வெளிநாட்டுப் பழ ஈ எதுவும் உள்ளே நுழைந்துவிட்டதா என்று பார்க்க வேளாண் துறையில் வீட்டு மரங்களில்கூடப் பொறி கட்டுகிறார்கள். நம் மரத்திலும் ஒன்று, வாசனை மருந்து நனைத்த பஞ்சு வைத்த சின்ன டப்பா. அதைத் திறந்து பார்க்க வாராவாரம் ஒரு பெண் வருவாள். தெருவில் அவளுக்குப் பூச்சிக்காரி என்று பெயர், உன் வயசுதான் இருக்கும். டீ கொடுத்தால் “டியூட்டில எதுவும் வாங்கிக்கக் கூடாதும்மா” என்று கையை எடுத்துக் கும்பிடுவாள், பேச்சுக்கு மட்டும் தடை இல்லை. அவளுடைய அம்மாவும் எங்கேயோ தூரத்தில் தனியாக இருக்கிறாளாம். ஒருநாள் குனிந்து பூட்ஸ் மாட்டும்போது பின்கழுத்தில் முடி பிரிந்து கிடந்தது, உனக்குக் கிடப்பது மாதிரியே. கை தானாகப் போய்விட்டது, சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

அப்படி வந்தவள் ஒருநாள் டப்பாவைத் திறந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். உள்ளே ஒரே ஒரு ஈ, நம் வீட்டில் மொய்க்கிறது போலத்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சீசாவில் போட்டுக்கொண்டு போனாள். வெளிநாட்டு ஈயேதான் என்று தெரிந்து, அந்த வாரமே ஊர் எல்லையில் தடுப்பு வைத்துவிட்டார்கள், பழ லாரி எல்லாம் திரும்பிவிட்டது, பைக்குள் ஒரு எலுமிச்சையைக்கூட வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. நம் மரத்துக்கு ஏணியோடு ஆட்கள் வந்தார்கள். காய், பிஞ்சு எதையும் விடவில்லை, நீ வந்து பறிப்பாய் என்று நான் தொடாமல் வைத்திருந்த மொட்டைமாடிப் பக்கத்துக் கிளையும் மொட்டை. எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி எடுத்துப்போய் ஆழக் குழிவெட்டிப் புதைத்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் “இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவை வருவேம்மா” என்று அவள் சொன்னபோது, ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். யாரிடமும் சொல்லி வைக்காதே.

உன் சித்தப்பாவுக்குத்தான் பேரிடி. தோட்டத்துப் பழம் முழுக்கப் பெட்டி கட்டிக் குளிர்கிடங்கில் வைத்திருந்தார், கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. தடை முடிய நாள் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இலை மறைவில் ஒரு கொய்யா என் கண்ணில் பட்டது, ஆட்கள் விட்டுப்போனது. தொட்டதும் விரல் உள்ளே போனது. பிளந்தால் வெள்ளைப் புழு நெளிகிறது. பதறிப்போய் முதலில் சித்தப்பாவுக்குத்தான் போன் போட்டேன். “பேசாம அங்கயே குழி தோண்டிப் போட்டு மூடிடுங்க அண்ணி. வெளிய தெரிஞ்சா தடைய நீட்டிடுவாங்க, நான் தொலைஞ்சேன்” என்றார். குரல் உடைந்துவிட்டது. உன் அப்பா படுக்கையில் கிடந்தபோது நம்மைத் தாங்கிப்பிடித்த மனுஷன், அவரிடம் எப்படி முடியாது என்பது? மண்வெட்டியை எடுத்துக்கூட வந்துவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனை எடுத்தேன். அங்கே நீ தூங்கும் நேரம். வைத்துவிட்டேன். இந்த ஊரில் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு பூச்சிக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

ஓடி வந்தாள். மண்வெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இத மேலாக்கப் பொதைச்சிருந்தா மண்ணுக்குள்ளயே கூடு கட்டி ஈயா கெளம்பியிருக்கும்மா, நேரா உங்க கொழுந்தனார் தோட்டத்துலதான் போய் உக்காந்திருக்கும்” என்றாள். தடையை நீட்டத்தான் செய்தார்கள். சித்தப்பா வாசலில் நின்று, “கூடப் பொறந்தவங்க மாதிரி நெனச்சேன், வயித்துல அடிச்சிட்டீங்களே அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் பேச்சே இல்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் அந்த வார்த்தை ஞாபகம் வந்து தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

அவர் தோட்டத்துப் பொறிகளில் கடைசிவரை ஒரு ஈகூட விழவில்லை. பெட்டிகளை அதிகாரிகள் கண்முன்னால் கடுங்குளிரில் வைத்து, சீல் போட்டு, தாமதமாகத்தான் என்றாலும் கப்பலேற்றிவிட்டார்கள். விலை குறைந்துதான் போனது, ஆனால் தோட்டம் தப்பித்தது. நேற்று கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். உள்ளே வருகிறவர்கள் கால் நனைக்கப் பூச்சிக்காரி கேட்டில் வைத்திருக்கும் மருந்துத் தண்ணீர்த் தட்டுக்கு முன்னால் சித்தப்பா செருப்போடு நின்றுகொண்டு, “கால நனைச்சிட்டுத்தான் வரணுமா அண்ணி?” என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. சூடாக ரெண்டு டம்ளர் டீ குடித்துவிட்டு, நீ எப்போது வருகிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் தடையை எடுத்துவிடுவார்களாம். பூச்சிக்காரிக்கும் வேறு ஊருக்கு மாற்றல் ஆகிறதாம். நல்ல செய்திதான், நல்ல செய்தி என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. ராத்திரி ஈரத்தலையோடு படுக்காதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வரும்போது பெட்டியில் பழம், விதை, பூச்செடி, மண் ஒட்டின செருப்பு எதுவும் கூடாது, இறங்கின இடத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். எனக்கென்று எதுவும் வாங்காதே. வெறுங்கையோடு வா.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா