ஏரலுக்குப் போன மிட்டாய் ஜாடிகள்

அன்புள்ள சிவப்பிரகாஷுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் சுகம்தான், சுகம் என்றால் எழுந்து நடமாடுகிறோம், அவ்வளவுதான். கல்யாண அலுப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. உன் அப்பா கடையைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்குகிறார். வரவேற்பில் மிட்டாய் மேசை எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லித் தப்பித்தேன். முழுக்கதையும் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அழுகை வந்துவிடும், நீயும் அங்கே தனியாகக் கிடந்து வருத்தப்படுவாய். செல்வராணி சித்தியின் மகன் அங்கே வருகிறான், கருப்பட்டியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன், உட்கார்ந்து படி.

விசா காகிதம் கைக்கு வராமல் கனடாவை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், தங்கச்சி கல்யாணத்துக்கு வரமுடியாது என்று நீ சொன்ன நாளிலிருந்து ரம்யா உன்னோடு பேசவில்லை. உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வீட்டில் உன் பேச்சு வந்தால்கூட அண்ணன் என்று சொல்லமாட்டாள். "ஒங்க மவன் போன் பண்ணுதான், எடுங்க" என்பாள். கூடப்பிறந்த பிள்ளைகள் இரண்டும் இப்படி முகம் திருப்பிக்கொண்டு இருந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும் சொல். அதனால்தான், வர முடியாததற்கு ஈடாக வரவேற்பில் வந்தவர்கள் அள்ளித் தின்ன கேண்டி டேபிள் வைக்கிறேன், கடலும் முத்தும் மாதிரி அலங்காரம், எல்லாம் அவள் சின்ன வயதில் தின்ற மிட்டாய் என்று நீ படம் படமாக அனுப்பியபோது, இடுப்பு வலியைப் பார்க்காமல் சரி என்றேன். உன் அப்பாதான் முத்துக் குளித்த ஊரில் சீனி முத்தா என்று முனகிக்கொண்டே இருந்தார்.

ஜீவமணி அண்ணாச்சியின் அலங்காரக் கடையில் கண்ணாடி ஜாடிகளை வாடகைக்கு எடுத்தோம். நீலத்துணி விரித்து, சங்கு சிப்பி பரப்பி, தேன் மிட்டாய், சீரக மிட்டாய், மக்ரூன், முத்துக்கு வெள்ளை உருண்டை மிட்டாய் என்று நீ சொன்னபடியே நிரப்பினேன். உப்புக்காற்றில் எல்லாம் கசிந்து ஒட்டிக்கொள்ளும் என்று மண்டபத்தில் ஏ.சி. போடும்வரை மூடியைத் திறக்கவில்லை. சீர்த் தட்டு வைத்துப் பழகிய கை விடுமா, உன் கணக்கில் ஜாடிகள் இரட்டைப்படையில் வந்ததால் கருப்பட்டி மிட்டாய் ஒன்று சேர்த்து ஒற்றைப்படை ஆக்கினேன். மங்கலமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு ஜாடிக்கும் மஞ்சள் குங்குமமும் வைத்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், வேறு இடம் இல்லையென்று மேசையைச் சீர்வரிசைத் தட்டுகளுக்குப் பக்கத்திலேயே போடச்சொன்னேன். அள்ளிப்போட நீ அனுப்பிய காகிதப் பைகளைக் காற்றில் பறக்குமே என்று யாரோ மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

அப்புறம் என்ன, வந்தவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். கை நீட்டிய பிள்ளைகளைத் தாய்மார்கள் இழுத்துக்கொண்டார்கள். "ஏளா பகவதி, மிட்டாயிலகூட மவளுக்குச் சீர் வச்சிருக்கியே" என்று உன் பெரியத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நான் பந்திக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன், அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. மச்சான் முறைக்கு உன் இடத்தில் நின்று மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மேடைக்கு அழைத்துவந்தது உன் சித்தப்பா மகன் செந்தில்முருகன். அப்போது ரம்யா குனிந்த தலை நிமிரவில்லை, அதை மட்டும் பார்த்தேன். எல்லாம் முடிந்து நான் வந்து பார்த்தால் மேசையில் நீலத்துணிதான் கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் சீர்த் தட்டுகளோடு ஜாடிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஏரலுக்குப் போய்விட்டார்கள். கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்டார்கள் என்ற பேர் நமக்கு வேண்டாம் என்று உன் அப்பா வாயை அடைத்துவிட்டார். ஜீவமணி அண்ணாச்சி போன் செய்யும்போதெல்லாம் எடுக்காமல் இருந்தேன், எனக்கு எதற்கு இந்த வயதில் ஒளிந்து திரிகிற பிழைப்பு.

மறுவீட்டு விருந்து முடிந்து ரம்யாவையும் மாப்பிள்ளையையும் கொண்டுவிட ஏரலுக்குப் போனபோது மெதுவாகக் கேட்டுவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன். போனால் அவர்கள் வீட்டு முன்னறை அலமாரியில் ஜாடிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சம்பந்தி தங்கத்தாய் நல்ல மனுஷி, பெருமையாகச் சொன்னாள், "தெருவுல எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாவ. யாரு வச்ச சீருன்னு கேட்டா, எங்க அண்ணன் கனடாவுல இருந்து வச்சதுன்னு ஒங்க மவ ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுதா" என்று. அடுக்களையில் ரம்யாவைத் தனியாகப் பிடித்து, அது வாடகை ஜாடி, திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று காதோடு சொன்னேன். "அண்ணாச்சிக்கு வேற ஜாடி வாங்கிக் குடுங்க. எங்க அண்ணன் வச்ச சீரை நான் திருப்பித் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து எத்தனை நாளாயிற்று. திரும்பி வரும்போது பார்த்தேன், எல்லா ஜாடியும் நிறைந்திருக்கிறது, தேன் மிட்டாய் ஜாடி மட்டும் காலி. யாருக்கும் கொடுக்காமல் அவளே தின்றிருக்கிறாள்.

அவளாக உன்னைக் கூப்பிடமாட்டாள், உன்னைப் போலவே வீம்பு. நீ கூப்பிடு. திட்டுவாள், வாங்கிக்கொள். விசா, வேலை என்று மறுபடியும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதே, தேன் மிட்டாய் எப்படி இருந்தது என்று மட்டும் கேள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. திருச்செந்தூர் முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான், சீக்கிரம் காகிதம் கைக்கு வந்து நீ வீட்டு வாசலில் வந்து நிற்கவேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, ஜீவமணி அண்ணாச்சிக்குப் புது ஜாடி வாங்கிக் கொடுக்கவேண்டியது நீதான். சீர் வைத்தவன் நீதானே.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா பகவதி
தூத்துக்குடி