மழைக்கு நான்கு வாசல் வைத்த பூங்கா நிழற்குடை

அனுப்புநர்:
க. திருமலைசாமி,
தகரம், இரும்புக் கம்பி வியாபாரம்,
கடைவீதி, குயில்மேடு.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
குயில்மேடு, கோவை மாவட்டம்.

பொருள்: பூங்கா நிழற்குடையை மலைக்கும் மழைக்கும் ஏற்றபடி கட்டக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்ற ஆடிக் காற்றில் நமது பூங்கா நிழற்குடையின் தகரம் ஒன்று பறந்து, எஸ்டேட் தொழிலாளி வெங்கடம்மாள் தினமும் பஸ்ஸுக்காக உட்காரும் பெஞ்சின் மேல் விழுந்தது தாங்கள் அறிந்ததே. அந்த நேரம் அவர் டீக்கடையில் இருந்தார். டீ சீக்கிரம் ஆறியிருந்தால் இந்த மனு வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கும்.

2. இப்போது நிற்பதைப் பிரித்துவிட்டு, அதே வரைபடம், அதே நீலத் தகரத்தோடு வைகாசிக்குள் மறுபடியும் எழும்பும் என்று அறிவிப்புப் பலகை சொல்கிறது. அது சமவெளி வெயிலுக்கு வரைந்த படம். உயரமான கூரை, நாலு பக்கமும் திறப்பு. இங்கே காற்று தனியாக வருவதில்லை, மழையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே உட்கார்ந்தவர்கள் குடை விரித்திருக்கிறார்கள். "ஏனுங்க, உள்ளார போயி நனையறதுக்கு வெளியவே நனைஞ்சுபோட்டுப் போலாமுங்க" என்கிறார் வெங்கடம்மாள். குரங்குகளுக்கு மட்டும் குறையில்லை. அவற்றுக்குக் கூரை நல்ல சறுக்குமரம்.

3. எதிர்மலையிலிருந்து பார்த்தால், தேயிலைக்கு நடுவே யாரோ பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கிறது. அந்தத் தகரத்தை விற்றவன் நானே. தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று ஒப்பந்ததாரர் கேட்டார். விற்காமல் கிடந்ததைத் தள்ளிவிட்டேன். தவறில் எனக்கும் பங்கு உண்டு.

4. ஆகவே, மழை அடிக்கும் மேற்கிலும் வடக்கு, தெற்குப் பக்கங்களிலும் மலைக்கல் சுவர் வைத்து, பஸ் வருவது தெரியும்படி கிழக்கை மட்டும் திறந்துவிடலாம். கூரை தாழ்வான கான்கிரீட்டாக இருக்கட்டும். மேலே கல் சில்லு பதிக்கலாம். ஓடு வேண்டாம், குரங்குகள் கழற்றிவிடும். பெயின்ட்டும் வேண்டாம், இரண்டு மழைக்காலத்தில் பாசியே அடித்துவிடும். கல்லும் சிமென்ட்டும் நான் விற்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளவும்.

5. பழைய படத்தில் தாங்கள் கையெழுத்திடும் முன், கோடை மழை பெய்யும் ஒரு மாலை நான்கு மணிக்கு வெங்கடம்மாளின் பெஞ்சில் அரை மணி நேரம் அமர்ந்து பார்த்து, பிறகு உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குடை நான் கொண்டுவருகிறேன்.

இணைப்பு: என் கடை பில் தாளின் பின்பக்கம் வரைந்த படம் – 1

இடம்: குயில்மேடு
நாள்: 28.04.2025

தங்கள் உண்மையுள்ள,
க. திருமலைசாமி